'ஓலா போலா' முத்துவுக்குப் பின்னால் இருந்தவர் யார்? மலேசியக் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தின் கதை

ஜாசின், மெர்லிமாவ், தெபோங் பக்கம் பழைய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் திடல் நினைவிருக்கும். லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு புல்வெளி. இரண்டு பக்கமும் கம்பு நட்டு கோல். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பந்து உருள ஆரம்பிக்கும். ஓடி ஆடத் தெரிந்தவன் முன்னால் போவான். உயரமான பையனைப் பிடித்து கோலில் நிறுத்திவிடுவார்கள். 1970களிலும் 1980களிலும் கோலில் நின்ற அந்தப் பையன்களுக்கு மனதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது ஆறுமுகம்.

இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால், பலருக்கு 'ஓலா போலா' படத்தில் வரும் முத்துவைத்தான் தெரியும். 2016ல் வெளிவந்த சியூ கெங் குவானின் அந்தப் படம் நாடு முழுக்க ஓடியது. அதில் சரண் குமார் நடித்த முத்து என்ற தமிழ் கோல் காவலர் பாத்திரம், நிஜத்தில் வாழ்ந்த ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. சரி, யார் அவர்? என்ன சாதித்தார்? 35 வயதில் போய்ச் சேர்ந்த ஒருவரைப் பற்றி இன்னும் ஏன் பேசுகிறோம்?

யார் இந்த ஆறுமுகம்?

முழுப்பெயர் ஆறுமுகம் ரெங்கசாமி. காற்பந்து ரசிகர்களுக்கு ஆர். ஆறுமுகம், செல்லமாக 'ஸ்பைடர்மேன்'. 1953 ஜனவரி 31ல் பிறந்தவர். நாடு சுதந்திரம் பெற இன்னும் நான்கு வருஷம் இருந்தது. அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம். மலாயாவில் இருந்த தமிழர்களில் பெரும் பகுதியினர் தோட்டத்தில்தான் இருந்தார்கள். விடியற்காலையில் பெரட்டு, பிறகு பால்வெட்டு, மத்தியானம் பால் நிறுத்தல் என்று நாள் போகும். பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைக்கும் படிப்பு.

அந்தத் தலைமுறைத் தமிழ்ப் பையன்கள் பெரியவர்களாகிக்கொண்டிருந்த காலம் சுலபமான காலம் இல்லை. ஒரு பக்கம் தோட்டத் துண்டாடல். பெரிய தோட்டங்களைக் கூறு போட்டு விற்றதில் வேலையும் வீடும் சேர்ந்தே போயின. இன்னொரு பக்கம் 1969க்குப் பிறகு வந்த வேலை பெர்மிட் பிரச்சினை. குடியுரிமை இல்லாத பல ஆயிரம் பேர் இந்தியாவுக்கே கப்பல் ஏறினார்கள். ஆறுமுகத்துக்கு அப்போது 16 வயது. அந்தச் சூழ்நிலையில் இருந்து ஒரு தமிழ் இளைஞர் நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மெர்டேக்கா அரங்கத்தில் நின்றது, தோட்டத்து ஜனங்களுக்கு வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை.

ஏன் 'ஸ்பைடர்மேன்'?

காரணம் கைகள். ஆறுமுகத்துக்கு நீளமான கைகள். அதோடு பந்து புறப்படும் முன்பே எந்தப் பக்கம் வரும் என்று மோப்பம் பிடிக்கும் வேகமும் இருந்தது. கோல் கம்பத்துக்குக் கம்பம் வலை பின்னிவிட்ட மாதிரி தாவுவதால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதன் மதிப்பு புரிய ஒரு சின்னக் கணக்கு. காற்பந்துக் கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பினால்டி உதைக்கும் இடம் கோல் கோட்டில் இருந்து 11 மீட்டர். பலமாக உதைத்த பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிக்குக் கொஞ்சம் கூடுதல் குறைவாகத்தான் ஆகும். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, பக்கவாட்டில் பறந்து, விரல் நுனியையாவது பந்தில் பட வைக்க வேண்டும். கை நாலு விரல்கடை நீளமாக இருந்தால், மற்றவர்கள் விட்டுவிடும் பந்து கூட கைக்கு எட்டும்.

அப்போதைய வசதிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்றைக்கு இருப்பது போல தரமான கையுறைகள் அன்று எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மழை பெய்தால் திடல் சேறாகிவிடும், பந்து தண்ணீரைக் குடித்துக் கனக்கும். கோல் காவலருக்கு என்று தனிப் பயிற்சியாளர் வைப்பதும் அந்தக் காலத்தில் வழக்கமாக இருக்கவில்லை. பார்த்துப் பழகி, அடிபட்டுக் கற்றுக்கொண்டதுதான் பெரும்பாலும்.

சிலாங்கூரின் பொற்காலம்

மாநில அளவில் ஆறுமுகம் ஆடியது சிலாங்கூருக்காக. அந்தக் காலத்து மலேசியக் கிண்ணம் எப்படிப்பட்டது என்று இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆட்டம் நடக்கும் ராத்திரியில் கோப்பிக்கடையில் உட்கார இடம் இருக்காது. தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும் ஒரு வீட்டு வாசலில் லயமே கூடி நிற்கும்.

1971 முதல் 1986 வரை உள்ள 16 ஆண்டுகளில் சிலாங்கூர் 11 முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது. குறிப்பாக சிங்கப்பூரோடு இருந்த போட்டி. 1975 முதல் 1981 வரை ஒவ்வோர் ஆண்டும் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் இருந்தது. அதில் ஆறு முறை எதிரே நின்றது சிலாங்கூர்தான். 1977ல் பினாங்கையும் 1980ல் சிலாங்கூரையும் தோற்கடித்துக் கிண்ணத்தை சிங்கப்பூர் கொண்டுபோனது. மற்ற ஐந்து இறுதியாட்டங்களிலும் சிலாங்கூருக்கே வெற்றி.

அந்த அணியில் ஒரு முனையில் மொக்தார் டஹாரி, மறு முனையில் ஆறுமுகம். இருவரும் ஒரே ஆண்டில், 1953ல், பிறந்தவர்கள். மொக்தார் நாட்டுக்காக 89 கோல் போட்டவர். அவர் பெயரைச் சொல்லாத மலேசியர் இல்லை. கோல் போட்டவனைத் தோளில் தூக்குவதும், கோலைத் தடுத்தவனைக் கையைக் குலுக்கி அனுப்புவதும் காற்பந்தில் எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் சிலாங்கூர் ரசிகர்களுக்கு இருவரும் வேண்டும் என்று தெரிந்திருந்தது.

மலாக்காக்காரர் முன்னால், ஆறுமுகம் பின்னால்

தேசிய அணியில் ஆறுமுகத்துக்கு முன்னால் தற்காப்பில் நின்ற இருவரை மறக்க முடியாது. ஒருவர் சந்தோக் சிங். இன்னொருவர் சோ சின் ஆன். சோ சின் ஆன் நம்ம அலோர் காஜாவில் பிறந்தவர். 'தவ்கே' என்று அழைக்கப்பட்ட அவர் ஆசியாவின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஒருவராகப் பேசப்பட்டார். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஆடியவர். 1980ல் அணித் தலைவர்.

ஒரு சீனர், ஒரு பஞ்சாபியர், பின்னால் ஒரு தமிழர். முன்னால் மலாய்க்காரர்களும் சபாக்காரர்களும். தற்காப்பு என்பது பேச்சில் நடக்கும் வேலை. பின்னால் நிற்கும் கோல் காவலருக்குத்தான் முழுத் திடலும் தெரியும். யார் பின்னால் ஆள் வருகிறான், யார் ஏறிப் போக வேண்டும், எந்தப் பந்தை விட்டுவிட வேண்டும் என்று அவர்தான் கத்திச் சொல்ல வேண்டும். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்காமலேயே அந்தக் குரலை நம்ப வேண்டும். வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆடினால்தான் அந்த நம்பிக்கை வரும். இவர்களுக்கு அது இருந்தது.

ஆறுமுகம் நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் கிட்டத்தட்ட 200. எந்த ஆட்டத்தை அதிகாரபூர்வ அனைத்துலக ஆட்டமாக எடுப்பது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை கொஞ்சம் கூடும், குறையும். எப்படிப் பார்த்தாலும் உலக அளவில் ஒரு கோல் காவலருக்கு இது மிகப் பெரிய எண். அந்தத் தலைமுறையின் கணக்கையும் பாருங்கள். 1973, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் மெர்டேக்கா கிண்ணம். 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம். 1977ல் கோலாலம்பூரிலும் 1979ல் ஜகார்த்தாவிலும் சீ விளையாட்டுத் தங்கம். ஜகார்த்தாவில் இந்தோனேசியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என்று வென்று வந்தார்கள்.

1980: அந்த ஒரு ராத்திரி

எல்லாவற்றுக்கும் உச்சம் 1980. மோஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோலாலம்பூரில் நடந்தது. மலேசியாவோடு தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை. பயிற்சியாளர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வெய்காங்.

முடிவுகளைப் பாருங்கள். பிலிப்பைன்ஸை 8-0, இந்தோனேசியாவை 6-1, புருணையை 3-1, தென் கொரியாவை 3-0. ஜப்பானோடு 1-1 சமநிலை. ஐந்து ஆட்டங்களில் மலேசியா போட்ட கோல் 21. விட்டது மூன்றே மூன்று. போட்ட 21 பற்றி எல்லோரும் பேசினார்கள். விட்டது மூன்று என்பதில் தற்காப்பின் உழைப்பும் ஆறுமுகத்தின் கைகளும் இருக்கின்றன.

முதல் இரண்டு இடம் பிடித்த மலேசியாவும் தென் கொரியாவும் ஏப்ரல் 6ம் தேதி மறுபடியும் மோதின. வென்றவருக்கு மோஸ்கோ. மலாக்காவில் இருந்து கோலாலம்பூருக்கு அப்போது வடக்கு தெற்கு நெடுஞ்சாலை எல்லாம் கிடையாது. தம்பின், சிரம்பான் வழியாகப் பழைய சாலையில்தான் போக வேண்டும். போக முடியாதவர்களுக்கு வானொலியும் தொலைக்காட்சியும். மெர்டேக்கா அரங்கம் நிரம்பி வழிந்தது.

கொரியர்கள் சும்மா வரவில்லை. மூன்று கோல் வாங்கிய அவமானத்தைத் தீர்க்க வந்தார்கள். ஆட்டம் 1-1 என்று இறுகிக் கிடந்தது. கடைசிக் கட்டத்தில் ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் தள்ளினார். இருவரும் சபா ஆட்டக்காரர்கள். 2-1. மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அப்போது ஆறுமுகத்துக்கு வயது 27. ஒரு கோல் காவலருக்கு நல்ல வயது அது.

போகாத மோஸ்கோ

ஆனால் அணி மோஸ்கோவுக்குப் போகவில்லை.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதைக் கண்டித்து மோஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்று அமெரிக்கா கேட்டுக்கொண்டது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் போகவில்லை. மலேசியாவும் அதில் ஒன்று. திடலில் ஜெயித்து வாங்கிய இடம் அரசியலில் போனது. அந்த இடம் ஈராக்குக்குக் கொடுக்கப்பட்டது. ஈராக் காலிறுதி வரை போனது.

அரசாங்கத்தின் முடிவு சரியா தப்பா என்று அன்றும் விவாதம் நடந்தது, இன்றும் நடக்கிறது. ஒரு நாட்டை இன்னொரு நாடு படை கொண்டு ஆக்கிரமிக்கும்போது சிறிய நாடுகள் குரல் கொடுக்கத்தான் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டாளர்களின் வாழ்நாள் உழைப்பை அதற்கு விலையாகக் கொடுத்திருக்க வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை, அந்த வாய்ப்பு திரும்ப வரவே இல்லை என்பதுதான் நிஜம். மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது 1972ல் மட்டுமே. 1980க்குப் பிறகு இன்று வரை தகுதி பெறவில்லை.

இன்னொரு பக்கத்தையும் தமிழர்கள் கவனிக்கலாம். அதே மோஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா கலந்துகொண்டது. அங்கே ஹாக்கியில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். ஒரு தமிழர் மோஸ்கோவில் தங்கப் பதக்கத்தோடு நின்ற அதே ஆண்டில், தகுதி பெற்றும் இன்னொரு தமிழர் கோலாலம்பூரில் இருந்தார். இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் திறமை இல்லை, அவரவர் நாடு எடுத்த முடிவுதான்.

காற்பந்தால் சம்பாதித்தாரா?

இன்றைய சூப்பர் லீக் ஆட்டக்காரர்களின் சம்பளத்தைப் பார்த்து, ஆறுமுகமும் அப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். அவர் ஆடிய காலம் முழுவதும் மலேசியக் காற்பந்து அமெச்சூர் ஆட்டம்தான். ஆட்டக்காரர்கள் வங்கிகளிலும் அரசாங்க நிறுவனங்களிலும் வேலை பார்த்தார்கள். வேலை முடிந்து பயிற்சிக்குப் போவார்கள். ஆட்டத்துக்கு ஊக்கத்தொகை கிடைக்கும், ஜெயித்தால் பரிசு கிடைக்கும். அதை வைத்து வீடு வாங்கி, ஓய்வு காலத்துக்குச் சேர்த்து வைக்க முடியாது.

நாட்டில் பகுதி நேரத் தொழில்முறை லீக் தொடங்கியது 1989ல். முழுத் தொழில்முறை லீக் 1994ல் வந்தது. அந்த 1989 தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஆறுமுகம் இறந்துவிட்டார். தன் கைகளால் வளர்த்த ஆட்டத்தில் பணம் வர ஆரம்பித்த நேரத்தில் அவர் இல்லை.

1988 டிசம்பர் 18

தேசிய அணியில் 1980களின் நடுப்பகுதி வரை ஆறுமுகம் ஆடினார். அதன் பிறகு இளைய கோல் காவலர்கள் வந்தார்கள். பொதுவாக கோல் காவலர்கள் ஓய்வு பெற்றதும் பயிற்சியாளராவார்கள். கற்றதைச் சொல்லிக் கொடுக்க அவருக்கும் காலம் நிறைய இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

1988 டிசம்பர் 18ம் தேதி சாலை விபத்தில் ஆறுமுகம் உயிரிழந்தார். 36வது பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1991 ஜூலையில், நரம்பு நோயால் மொக்தார் டஹாரியும் காலமானார். அவருக்கு 37 வயது. சிலாங்கூர் அணியின் இரண்டு முனையிலும் நின்றவர்கள் நாற்பதைத் தொடவில்லை.

படத்தில் வருவதெல்லாம் உண்மையா?

இல்லை. 'ஓலா போலா' உண்மைச் சம்பவத்தைத் தழுவிய கற்பனைப் படம். படத்தில் முத்துவின் அப்பா தென்னந்தோப்பில் வேலை செய்பவர். மகன் பந்து விளையாடுவது அவருக்குப் பிடிக்காது. இதை அப்படியே ஆறுமுகத்தின் வீட்டுக் கதை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படத்தில் வரும் பயிற்சியாளரும் வெய்காங் இல்லை, வேறு பெயரில் வரும் பாத்திரம்தான். கொரியாவோடு நடந்த ஆட்டம், ஒலிம்பிக் தகுதி, புறக்கணிப்பு ஆகியவை வரலாறு. குடும்பக் காட்சிகள் எழுத்தாளரின் கற்பனை.

ஆனாலும் அந்த அப்பா பாத்திரத்தைப் பார்த்து மலாக்கா தோட்டங்களில் வளர்ந்த பலர் கண் கலங்கினார்கள் என்றால் ஆச்சரியமில்லை. பந்து சோறு போடாது, படி, இல்லையென்றால் வேலைக்குப் போ என்று சொன்ன அப்பாக்கள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாட்டிலேயே சிறந்த கோல் காவலருக்கே பந்து பெரிதாகச் சோறு போடவில்லையே.

இப்போது ஏன் இந்தக் கதை?

1980ல் மலேசியா ஜெயித்த தென் கொரியா, 1986ல் இருந்து ஓர் உலகக் கிண்ணத்தையும் தவறவிடவில்லை. அன்று 1-1 என்று சமநிலையில் நின்ற ஜப்பான் 1998ல் உலகக் கிண்ணத்துக்குள் நுழைந்து, அதன் பிறகு எல்லாவற்றிலும் ஆடுகிறது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவோடு மலேசியா 3-3 என்று சமநிலை கண்டபோது நாடே கொண்டாடியது. அதே கொரியாவை 15 நாள் இடைவெளிக்குள் இரண்டு முறை தோற்கடித்த அணி ஒன்று நம்மிடம் இருந்தது என்பது பல இளைஞர்களுக்குத் தெரியாது.

தோட்டங்களும் மாறிவிட்டன. ரப்பர் போய் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஜனங்கள் ஜாசின், அலோர் காஜா, டுரியான் துங்கல், மலாக்கா பட்டணம் என்று தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டார்கள். லயத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த திடல் இப்போது இல்லை. பந்து விளையாட வேண்டும் என்றால் மணிக்கு இத்தனை வெள்ளி என்று கட்டணம் கட்டி ஃபுட்சால் திடலை எடுக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளி அணியில் இடம் கிடைக்க வேண்டும்.

திறமை குறைந்துவிட்டது என்று சொல்வதை விட, அந்தத் திறமை கண்ணில் படும் வாய்ப்பு குறைந்துவிட்டது என்று சொல்வது பொருத்தம். தோட்டத்துக்குத் தோட்டம் கிண்ணப் போட்டி நடந்த காலத்தில், நல்ல கோல் காவலன் ஒருவன் இருந்தால் பக்கத்துத் தோட்டத்துக்குத் தெரியும், பிறகு மாவட்டத்துக்குத் தெரியும். இன்று அந்த ஏணியின் கீழ்ப் படிகள் பல இடங்களில் இல்லை. தமிழ்ப்பள்ளிகளின் காற்பந்துப் போட்டிகளும், வட்டார மன்றங்கள் நடத்தும் போட்டிகளும்தான் மிச்சம் இருக்கும் படிகள்.

உங்கள் வீட்டில் 60 வயதைத் தாண்டிய தாத்தாவோ மாமாவோ இருந்தால், 1980 ஏப்ரல் மாதம் அந்த ஆட்டத்தை எங்கே இருந்து பார்த்தீர்கள், கேட்டீர்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எந்த வீட்டுத் தொலைக்காட்சி, யார் பக்கத்தில் நின்றது, ஜேம்ஸ் வோங் கோல் போட்டதும் யார் முதலில் கத்தினார் என்று சொல்வார்கள். அதோடு, அந்த ராத்திரி கோலில் நின்றவரின் பெயரையும் சொல்வார்கள்.